பெண்ணாடத்தில் அப்போது மழை பெய்ததா

"மழை வந்துடுச்சு" என்று அம்மா சொன்னால், மழை இன்னும் வரவில்லை என்று பொருள்.

அம்மா விருத்தாசலத்தில் ஒரு சிறிய பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைப் பலகையில் அடுக்கி வெயிலில் வைப்பதும், காய்ந்ததை உள்ளே எடுத்துப்போவதும் அவள் வேலை. சூளைக்குள் போகும் வரை அவற்றைப் பச்சை என்றுதான் சொல்வார்கள். பச்சை மீது நாலு சொட்டு விழுந்தால் போதும், பொம்மையின் மூக்கு கரைந்துவிடும். அதனால் மேற்கே கறுக்கத் தொடங்கியதுமே யாராவது ஒருத்தி "மழை வந்துடுச்சு" என்று குரல் கொடுப்பாள். வரும் போலிருக்கிறது என்று சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். வந்துவிட்டது என்றால்தான் எழுந்து ஓடுவார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் இருந்த இடத்தை விட்டு எழாமலே "தோ வந்துட்டேன்" என்போமே, அந்த மாதிரிதான்.

அப்பா பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாலையில் மொபெட்டில் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு, நல்லூர் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். மழைக்குணம் தெரிந்தால் பட்டறையில் பலகைகளை உள்ளே வைத்துவிட்டு எல்லாரையும் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கெல்லாம் அம்மா போன் செய்து அந்த இரண்டு சொல்லைச் சொல்வாள். அப்பாவுக்கு அது "கிளம்பி வாங்க" என்பதுதான். வானத்தைப் பற்றிய செய்தியாக அவர் அதை எடுத்துக்கொண்டதே இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு முன் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கல்லூரி, முதுகலை எல்லாம் முடித்து இப்போது சென்னையில் காலநிலை ஆராய்ச்சி செய்கிறேன்.

என்ன ஆராய்ச்சி என்பதை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. உலகம் முழுக்க பலூன்களும் கப்பல்களும் விமானங்களும் செயற்கைக்கோள்களும் தரையில் உள்ள நிலையங்களும் அளந்து வைத்ததை எல்லாம் சேர்த்து, யாரும் அளக்காமல் விட்ட இடங்களை இயற்பியல் விதிகளைக் கொண்டு நிரப்பி, போன வருடங்களின் ஒவ்வொரு மணிக்கும் காற்றும் வெப்பமும் மழையும் எப்படி இருந்திருக்கும் என்று மறுபடி கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். மறுபகுப்பாய்வு என்று அதற்குப் பெயர். ஐரோப்பியர்கள் செய்தது ஒன்று, அமெரிக்கர்கள் செய்தது ஒன்று, ஜப்பானியர்கள் செய்தது ஒன்று. ஒரே வானம்தான், ஆனால் மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும். எங்கள் வெள்ளாற்றுப் பக்கத்து மழையில் எது எவ்வளவு தூரம் உண்மைக்கு அருகில் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை.

அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"என்னா பாப்பா, நாளைக்கு மழை உண்டா?"

"அப்பா, நான் நாளைக்குப் பாக்கறவ இல்ல. நேத்தப் பாக்கறவ."

"நேத்து பேஞ்சத நான் நனஞ்சே தெரிஞ்சுக்கினேன். அதுக்கு என்னாத்துக்கு மெட்ராஸ்ல போயி ஆஸ்டல்ல சோறு துன்னுகிட்டு படிக்கணும்?"

அம்மா பின்னால் சிரிப்பது கேட்கும். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில்தான் ஒரு பொங்கல் விடுமுறையில் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பெரியம்மா வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இத்தனை வயசாகியும் படித்துக்கொண்டே இருக்கிறாளே என்ற பேச்சு வழக்கம்போல் ஆரம்பித்தது. நான் மடிக்கணினியை எடுத்துவந்து நடுவில் வைத்தேன்.

"நான் பொறந்த அன்னைக்கு என்னா ஆச்சுன்னு சொல்லுங்கப்பா."

"என்னா ஆச்சு? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு தொப்பறையா நனஞ்சேன். உள்ள உங்கம்மா கத்துறா, வெளிய இடி கத்துது."

ஐரோப்பியத் தொகுப்பைத் திறந்தேன். அந்த நாள், எங்கள் ஊர், நீல நிறம். மாலை ஆக ஆக நீலம் அடர்த்தியானது. "இதோ, நீங்க நனஞ்ச மழை" என்றேன். அப்பா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். நீலத்தின் மேல் விரலை வைத்தார். வைத்துவிட்டு, அழிந்துவிடுமோ என்பது போல எடுத்துக்கொண்டார்.

"பொறந்த நேரம் குடுன்னு ஜோசியக்காரன் கேப்பான். இவ பொறந்த நேரத்து மழையவே எடுத்துக் குடுக்கறா" என்றாள் பெரியம்மா.

மற்ற இரண்டு தொகுப்புகளையும் நான் முந்தைய நாளே பார்த்து வைத்திருந்தேன். அமெரிக்கத் தொகுப்பில் நான் பிறந்த அன்று எங்கள் ஊரில் மழையே இல்லை. அதை நான் திறக்கவில்லை. அப்பாவின் நினைவோடு ஒத்துப்போன ஒன்றை மட்டும் திறந்தேன். என் ஆராய்ச்சிக் கட்டுரையில் அப்படிச் செய்தால் அதை ஏமாற்று என்றே நான் எழுதுவேன்.

அதன்பிறகு அப்பா கரும்பு ஏற்றும் இடத்திலெல்லாம் சொன்னாராம்: "எந்த ஊர்ல எப்ப மழை பேஞ்சாலும் எம்பொண்ணு உட்கார்ந்த இடத்துலேர்ந்தே சொல்லிப்புடுவா." அம்மா பட்டறையில் சொன்னாள். நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

அது ஒரு சித்திரை மாதம். சர்க்கரை ஆலையில் அரவை முடியப்போகும் நேரம், கரும்பு வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பிற்பகலில் பட்டறைக்கு மேற்கே கறுத்தது. பலகைகளை உள்ளே எடுத்துவைத்தார்கள். நான்கு மணி தாண்டிப் பத்தாவது நிமிடத்தில் அம்மா அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, மழை வந்துடுச்சிங்க."

"தோ வந்துட்டேன்" என்றார்.

பட்டறையில் அப்போது ஒரு துளிகூட விழவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிடித்தது. அம்மா ஓட்டுச் சார்ப்பின் கீழ் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். அப்பா வரவில்லை. பெண்ணாடத்திலிருந்து வரும் சாலையில் ஒரு வளைவில், வண்டிகளிலிருந்து உதிர்ந்த கரும்பு இலைச் சோகை ஈரத்தில் ஊறிக் கிடந்திருக்கிறது. மொபெட் அதில் வழுக்கி விழுந்ததில் தலையில் அடிபட்டது. பின்னால் டிராக்டரில் வந்தவர் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது துணியால் மூடியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனபின், மறுநாள் காலை அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் என்னிடம் சரியாகப் பேசவே இல்லை.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் போன் பண்ணப்போ பெண்ணாடத்துல மழை பேஞ்சுக்கிட்டு இருந்துதா?"

"ஏம்மா?"

"பேஞ்சுக்கிட்டு இருந்தா, மழையப் பாத்துட்டுத்தான் அவுரு வண்டிய எடுத்துருப்பாரு. தெரிஞ்சு எடுத்தது. பேயலன்னா, எம்பேச்சக் கேட்டு எடுத்தது. வெயில்ல கெடந்த மனுசன நான் மழைக்குள்ள கூப்புட்டுட்டேன்."

"அப்படியெல்லாம் நெனைக்காதம்மா."

"நெனைக்கறனா இல்லையான்னு கேக்கல. பேஞ்சுதா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லு."

அவள் ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தாள். கரும்பு ஏற்றும் இடத்துக்கு அருகில் டீக்கடை வைத்திருப்பவர், அப்பா கிளம்பும்போது நல்ல வெயில் என்றார். டிராக்டரில் வந்தவர், மூன்று மணியிலிருந்தே ஊற்றிக்கொண்டிருந்தது என்றார். கூட வேலை பார்த்தவர், தூறல் இருந்த மாதிரி ஞாபகம் என்றார். மூன்று பேரும் அழுதுகொண்டேதான் சொன்னார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. அதனால் அம்மாவுக்கு நான்தான் மிச்சம்.

"பாத்துச் சொல்றேம்மா. மூணு கணக்கு இருக்குது, ஒவ்வொண்ணாப் பாக்கணும். ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போவாது" என்றேன்.

"மூணு சாட்சி மாதிரியா?"

"ஆமா."

"எது பொய் சொல்லுதுன்னு கண்டுபுடிக்கறதுதான உன் படிப்பு. கண்டுபுடி."

சென்னைக்கு வந்ததும் அந்த நாளின் தரவு வெளிவரும்வரை காத்திருந்தேன். அப்பா செத்த நாளும் மற்ற எல்லா நாட்களையும் போல வரிசையில் நின்று, கணக்கிடப்பட்டு, கோப்பாக வந்து சேர்ந்தது. முதலில் ஐரோப்பியத் தொகுப்பு. பதினோரு மணிக்கு மழை என்று இருந்தது. காலையிலேயே பெய்திருக்கிறது, அப்பாவுக்குத் தெரியும், அம்மா மேல் எதுவும் இல்லை என்று ஒரு நிமிடம் மூச்சு விட்டேன். பிறகுதான் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தது உறைத்தது. எல்லாத் தொகுப்புகளும் லண்டன் பக்கத்து நேரத்தில்தான் இருக்கும். முதல் வருட மாணவி செய்யும் தவறு. ஜூனியர்கள் அதைச் செய்தால் நான் கிண்டல் அடிப்பேன்.

கூட்டினால் நாலரை; அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்து மழையைத்தான் அந்த எண் சொல்லும், அதாவது மூன்றரையிலிருந்து நாலரைக்குள் மழை. அப்பா கிளம்பிய நேரம் அதற்குள்ளேதான் இருந்தது. அந்த ஒரு மணிக்குள் மழை முதலா அப்பா முதலா என்று அதில் இல்லை. அமெரிக்கத் தொகுப்பில் ஆறரை வரை ஒன்றும் இல்லை. ஜப்பானியத் தொகுப்பு மூன்று மூன்று மணி நேரமாகச் சேர்த்துத்தான் மழையைத் தரும். அதில் இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை மெல்லிய சிணுங்கல். டிராக்டர்காரர், டீக்கடைக்காரர், கூட வேலை பார்த்தவர். அதே மூன்று பதில்கள்.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், அந்த வாரம் முழுக்க அதைப் பார்க்காமல் இருந்தேன். இந்தத் தொகுப்புகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு எண் கொடுக்கும். மூன்றில் மிகச் சிறிய கட்டமே இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் விருத்தாசலத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன், பெண்ணாடத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன், மேலே கட்டங்களை விரித்தேன். மூன்று தொகுப்பிலும் இரண்டு புள்ளிகளும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தன. சார்ப்பின் கீழ் நின்ற அம்மாவும் வண்டியை எடுத்த அப்பாவும் அந்தக் கணக்குகளுக்கு ஒரே இடத்தில் இருந்தார்கள். ஒருவருக்கு மழை, இன்னொருவருக்கு வெயில் என்பது அங்கே இருக்கவே முடியாது.

செயற்கைக்கோள் படங்களை எடுத்துப் பார்த்தேன். மேகத்தின் தலை தெரிந்தது. அதற்குக் கீழே தண்ணீர் தரையைத் தொட்டதா என்பது தெரியவில்லை. மழைமானியில் மறுநாள் காலை எட்டரைக்கு அளந்த எண் ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீர் எந்த மணிக்கு விழுந்தது என்று குடுவைக்குத் தெரியாது.

சித்திரை இடிமழை அப்படித்தான். ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் துணி காயும். என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில், அப்பா இருந்தபோதே நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'ஓர் ஊரில் ஒரு குறிப்பிட்ட மணியில் மழை பெய்ததா என்பதற்கு இத்தொகுப்புகளைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.' நல்ல வரி என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார். 

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்ய ஆரம்பித்தாள். அப்பா கூப்பிடும் அதே நேரத்துக்கு.

"என்னா சொல்லுது?"

"இன்னும் பாத்துக்கிட்டு இருக்கறேம்மா."

"ரெண்டாவதைப் பாத்துட்டியா?"

"பாக்கறேன்."

"மெதுவாப் பாரு. தப்பாப் பாத்துடாத."

இரண்டு மாதம் இப்படியே இழுத்தேன். பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். பிறந்தநாள் மழைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டியவள்தானே நான். இதற்கும் காட்டிவிடலாம்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். காலை வெயிலில் அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாத்துட்டேம்மா. பெண்ணாடத்துல மூணே முக்காலுக்கே மழை புடிச்சிருக்குது. நீ போன் பண்றதுக்கு முன்னாடியே. அப்பா மழையப் பாத்துட்டுத்தான் கெளம்பியிருக்காரு."

அம்மாவின் கை நிற்கவில்லை.

"மூணும் அப்படித்தான் சொல்லுதா?"

"மூணும்தான்."

"வேற மாதிரி ஒண்ணு கூடச் சொல்லல?"

"இல்லம்மா."

காம்பை உதறிப் போட்டாள். "நீதான சொன்ன, அது மூணும் ஒத்துப்போவாதுன்னு."

"இதுல ஒத்துப்போயிடுச்சு."

"மூணு சாட்சியும் ஒரு சொல்லு மாறாம ஒரே பேச்சு பேசுனா, யாரோ ஒக்கார வச்சு சொல்லிக் குடுத்துருக்காங்கன்னு அர்த்தம்டி." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் தரையைப் பார்த்தேன். நான் உருவிய கீரையில் இலையோடு காம்பும் சேர்ந்தே வந்திருந்தது. அம்மா அதை வாங்கி, காம்பைத் தனியாக எடுக்க ஆரம்பித்தாள்.

"உண்மையச் சொல்லு. தாங்கமாட்டன்னு நெனைக்கறியா?"

மடிக்கணினியை எடுத்து வந்து திறந்தேன். மூன்று தொகுப்பையும் காட்டினேன். எதையும் மறைக்கவில்லை. கட்டத்தையும் காட்டினேன்.

"இதுல நான் எங்க?"

"இங்கம்மா."

"அவுரு?"

"இங்கதான். ரெண்டு பேருக்கும் ஒரே கட்டம்."

"பஸ்ஸுல முக்கா மணி நேரம் ஆவுதே."

"அதுக்கு ரெண்டும் ஒரே இடம்தான்."

அம்மா கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கிக்கொண்டே போனேன். கட்டம் எவ்வளவு பெரியது, இடிமேகம் எவ்வளவு சின்னது, எங்கெல்லாம் அளக்கும் கருவி இல்லை, ஏன் ஒன்றுக்கொன்று மாறுகிறது என்றெல்லாம் பேசினேன். கருத்தரங்கில்கூட அவ்வளவு தெளிவாக நான் பேசியதில்லை. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அப்ப யாருக்கும் தெரியாது."

"தெரியாதும்மா."

"உனக்கும்."

"எனக்கும்."

"உனக்குப் பாடம் எடுக்கறவங்களுக்கு?"

"யாருக்கும் தெரியாது. இனிமேலும் தெரியாது."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. அன்று இரண்டு பேரும் கீரைக்குழம்பு சாப்பிட்டோம். எனக்கு இன்னொரு கரண்டி போட்டாள். அழவில்லை. நான் சொன்னது அவளுக்கு ஒரு வழியில் நிம்மதியாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். தெரியாத ஒன்றுக்காக யாரும் தன்னைத் தண்டித்துக்கொள்ள முடியாதல்லவா. படித்தவள் அப்படித்தான் நினைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைப் போனில் அந்தக் கேள்வி நின்றுபோனது. சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா என்பதோடு முடிந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அம்மாவோடு எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூருக்குப் போயிருந்தேன். துக்கத்துக்கு வர முடியாமல் போன ஒரு தூரத்து அத்தை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி ஆச்சு என்று கேட்டாள். எல்லாரிடமும் அம்மா சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான். முன்பெல்லாம், "மழையில வந்தாரு, வழுக்கிடுச்சு" என்பாள். அன்று அத்தையிடம் சொன்னாள்:

"நான் கூப்புட்டேன். அங்க நல்ல வெயிலு. மழை வந்துடுச்சின்னு நான் சொன்னதக் கேட்டுக் கெளம்பினாரு."

சாதாரணமாகச் சொன்னாள், முகவரி சொல்வதைப் போல. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன? அங்க வெயிலுன்னு யாரு சொன்னா?"

"நீதான சொன்ன."

"தெரியாதுன்னுதாம்மா சொன்னேன்."

"அதான்."

"தெரியாதுன்னா தெரியாதுதாம்மா. வெயிலுன்னு அர்த்தமில்ல. மழையாக்கூட இருந்துருக்கலாம்."

அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இழுத்துக் காதைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"மழைன்னா நீ மொதல்லயே சொல்லியிருப்ப. ரெண்டு மாசம் இழுத்துருக்கமாட்ட. பொய் சொல்லவும் வந்துருக்கமாட்ட."

நான் அவளுக்குக் காட்டிய மூன்று சான்றுகளையும் அவள் தள்ளிவிட்டிருந்தாள். நான்காவதாக என்னைப் பார்த்திருக்கிறாள். என் தயக்கத்தை, என் பொய்யை, தரையைப் பார்த்த என் முகத்தை. அதிலிருந்து தன் விடையைக் கணக்கிட்டு எடுத்துக்கொண்டாள். அது தவறான கணக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் தவறு என்று காட்ட என்னிடம் ஒரு எண்கூட இல்லை.

"அம்மா, நான் பொய் சொன்னது நீ கஷ்டப்படக் கூடாதுன்னுதான். வெயிலுன்னு தெரிஞ்சதால இல்ல."

"சரிடி."

"நம்பும்மா."

"நம்புறேன். நீ படிச்சவ, தெரியாதுன்னு எழுதிட்டு அடுத்த வேலையப் பாத்துடுவ. எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும்ல" என்று சொல்லி, கண்களை மூடி, என் தோளில் சாய்ந்துகொண்டாள்.